கடைசி வயலிடம் கேட்ட கடன் அதிகாரி

அன்சார் செய்யாத பிழைக்கு அவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். அந்தக் கெட்ட பெயரோடுதான் அவரை மையவாடியில் அடக்கிவிட்டு வந்திருக்கிறோம். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன். மௌத்தானவர்களைப் பற்றி எழுதச் சொன்னால் நம் ஊரில் சிரித்த முகம், இனிய பேச்சு என்று எழுதி முடித்துவிடுவார்கள். அன்சாருக்கு அவை இரண்டும் இருந்தன. ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு இன்று நான் சொல்ல வேண்டியது அதுவல்ல.

செய்தி வந்தபோது நான் வயலில், உடைந்த வாய்க்கால் கட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய மனைவியின் தம்பி போனில் கதைத்தார்.

"விதானக் காக்கா, அன்சார் மச்சான் மௌத்தாகிட்டார்."

இன்னாலில்லாஹி சொன்னேன். எப்போது அடக்கம் என்று கேட்டேன். அஸர் தொழுகைக்குப் பிறகு என்றார்.

"பேங்குக்குச் சொன்னயளா?"

"சொல்லத்தான் வேணுமா காக்கா?"

"சொல்லுங்க. வந்து முகத்தப் பாத்திட்டுப் போகட்டும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்சார் கல்முனையில் ஒரு வங்கிக் கிளையில் கடன் அதிகாரியாக இருந்தவர். ஒருவருக்கோ ஒரு கம்பனிக்கோ கடன் கொடுக்கலாமா, கொடுத்தால் அது திரும்பி வருமா என்று பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. நான் எங்கள் வட்டைக்கு விதானை. ஒரு பரப்பில் கிடக்கும் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பங்கிடுவதும் வேலியடைக்கச் சொல்வதும் சண்டை தீர்ப்பதும் என் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருக்கவில்லை. கேட்டும் வாசித்தும் படித்தவன். ஒரு வங்கி அதிகாரியும் ஒரு வட்டவிதானையும் சினேகிதராக வேண்டிய காரணம் எதுவும் இல்லை. எங்களைச் சேர்த்து வைத்தது ஓர் அரிசி ஆலையின் கழிவுத் தண்ணீர்.

அந்த ஆலை எங்கள் வட்டைக்கு மேலே இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கிற ஆலை. ஊறவைத்த தண்ணீர் கறுத்து, புளித்து, எங்கள் வாய்க்காலில் விழும். அது பட்ட பயிர் ஆள் உயரத்துக்குக் கரும்பச்சையாக வளரும். பார்க்கிறவன் நல்ல விளைச்சல் என்று நினைப்பான். கதிர் வரும்போது சாய்ந்து பதராகும். ஆலைக்குச் சொன்னோம், கமநல சேவை நிலையத்துக்குச் சொன்னோம், பிரதேச செயலகத்துக்குச் சொன்னோம். பிறகு, ஆலையை இன்னும் பெரிதாக்க வங்கியிடம் கடன் கேட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வங்கிக்குப் போனேன்.

முன்னால் இருந்த பிள்ளை, "உங்களுக்கு எக்கவுண்ட் இரிக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு வந்தீங்க?"

"உங்கட காசு எண்ட வயலுக்குள்ள ஓடப் போகுது புள்ள. அதச் சொல்ல வந்தன்."

பின்னால் ஒரு மேசையில் இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து வந்து கதிரை போட்டார். அவர்தான் அன்சார். நான் கதைத்து முடிக்கும்வரை இடையில் ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளில் வயலுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.

"அட்டை கடிக்கும் சேர்."

"நான் பேங்க்ல வேலை செய்யிறவன் காக்கா. அட்டைக்கும் எனக்கும் பழக்கம்."

தண்ணீரைக் கையில் அள்ளி மணந்து பார்த்தார். பிறகு வட்டையின் கடைசி வயல் எது என்று கேட்டு அதுவரை நடந்தார். அங்கே நின்றுதான் அந்தக் கேள்விகளைக் கேட்டார்.

"இந்தத் தண்ணி நிக்காம வந்தா என்ன செய்வீங்க?"

"வாய்க்காலக் கட்டுவம்."

"கட்டினா?"

"திரும்பி ஆலைக்குள்ள ஏறும். அவங்கட ஆக்கள் வந்து வெட்டுவாங்க."

"மறுகா?"

"மறுகா பொலிஸ். மறுகா கோடு, வழக்கு."

"கோட்டுல என்ன நடக்கும்?"

"ஆலைக்குச் சுற்றாடல் உரிமம் இல்ல சேர். காலம் முடிஞ்சி கனநாள்."

அவர் ஆலைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப நாங்க குடுக்கப் போற கடன் இந்த வாய்க்கால் கட்டுலதான் கிடக்கு" என்றார்.

அதுவரைக்கும் வங்கி என்றால் காணி உறுதியைப் பார்க்கும், வீட்டைப் பார்க்கும் என்றுதான் எனக்குத் தெரியும். கடனுக்கும் கழிவுத் தண்ணீருக்கும் சொந்தம் உண்டென்று அவர் சொல்லித்தான் கேட்டேன். "ஈடு வெச்ச காணி எங்கயும் ஓடாது என்டு எங்கட ஆக்கள் சொல்லுவாங்க. ஓம், காணி ஓடாது. ஆனா காணியால கடன் அடைபடுறல்ல காக்கா. ஆலை நடந்தாத்தான் அடைபடும். அது எப்படி நடக்குது என்டு பாக்காம காணியப் பாத்து என்ன?" என்றார். வேலையாட்களின் சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டாத கம்பனி நாளைக்கு வங்கிக்கும் கட்டாது என்பது அவருடைய கணிப்பு. அயலவனை ஏய்க்கிற கம்பனி ஒருநாள் அயலவனாலேயே நின்றுபோகும் என்றும் சொல்வார். நல்லவன் கெட்டவன் என்று தீர்ப்புச் சொல்ல அவர் இதைச் சொல்லவில்லை. கொடுத்த பணம் திரும்பி வருமா என்ற ஒரே கேள்விக்குத்தான் இத்தனையையும் பார்த்தார்.

அடுத்த விசயம் வெளியூரார் ஒருவருக்கு எளிதில் விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் தாய்வழியில் ஒரு குடியைச் சேர்ந்தவர்கள். பள்ளிவாசலை நடத்தக் குடிக்கு ஒரு மரைக்காயரைத் தெரிவு செய்வோம். பெரிய கடன் கேட்டபோது, குடும்ப ஆலையைக் கம்பனியாக்கி அதற்கொரு பணிப்பாளர் சபை வைக்கும்படி வங்கி சொன்னது. ஆலையின் சொந்தக்காரரான ஹாஜியார் தனக்குத் தெரிந்த ஒழுங்கான சபை எது என்று யோசித்திருக்கிறார். பள்ளிவாசல் சபைதான் அவர் மனதில் வந்தது. அதேபோல் குடிக்கு ஒருவரைக் கூப்பிட்டுப் பணிப்பாளர் ஆக்கினார். ஊரில் எல்லாரும் மெச்சினார்கள். ஒரு குடியையும் விடவில்லை, என்ன நீதி என்றார்கள். வங்கியின் பெரியவர்களும், சபையில் இத்தனை மரியாதைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று மகிழ்ந்து போனார்கள்.

கடனைப் பற்றிக் கதைக்க ஆலையில் கூடிய கூட்டத்துக்கு அன்சார் என்னையும் வரச் சொன்னார். கீழே இருக்கிறவர்களைக் கேட்காமல் எழுத மாட்டேன் என்று நின்றார். தேநீரும் வட்டிலப்பமும் வந்தன. எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு பணிப்பாளர்களைப் பார்த்து அன்சார் கேட்டார்:

"ஹாஜியார்ர ஒரு விசயத்துக்கு நீங்க கடைசியா ஏலாது என்டு சொன்னது எப்ப?"

மூத்தவர் ஒருவர், "நாங்க ஒருத்தர ஒருத்தர் மதிச்சி நடக்கிற ஆக்கள் சேர்" என்றார்.

"மதிச்சதக் கேக்கல்ல. தடுத்ததக் கேக்கன்."

ஹாஜியார் சிரித்தார். "இவர் கடன் தர வந்தவரா, கலியாணம் குழப்ப வந்தவரா?" சபை முழுவதும் சிரித்தது. அன்சாரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். பதில் வரவில்லை.

பதில் வராது. ஒரு குடி மரைக்காயரை இன்னொரு குடி மரைக்காயர் சபையில் மறுத்துப் பேசினால் அது இரண்டு பேரோடு நிற்காது. இரண்டு குடிகளின் மனத்தாங்கலாகி வீடு வீடாக ஏறும். சம்பந்தம் பேசிய இடம் கூடக் குழம்பும். ஆகவே சபையில் மறுக்க மாட்டோம். பிழை கண்டால் பிறகு தனியாக, மெதுவாகச் சொல்வோம். பள்ளியை இத்தனை தலைமுறை சண்டையில்லாமல் நடத்தியது அந்தப் பழக்கம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆலையில் தனியாகச் சொல்லவும் ஆளில்லை. எல்லாருக்கும் ஹாஜியாரிடம் ஏதோ ஒரு நன்றிக்கடன் இருந்தது. கேள்வி கேட்க முடியாத வாய்களாகப் பார்த்துச் சேர்த்துவிட்டு அதற்குச் சபை என்று பெயர் வைத்திருந்தோம். வங்கியும் அதை ஒப்புக்கொண்டது.

கடனே கொடுக்க வேண்டாம் என்று அன்சார் எழுதவில்லை. இதைப் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். பகுதி பகுதியாகக் கொடுக்கச் சொன்னார். முதலில் கழிவுநீர்த் தொட்டி கட்டி, உரிமம் எடுக்க வேண்டும். அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் புதிய இயந்திரங்களுக்குப் பணம். சபையில் ஹாஜியாரோடு உறவோ நன்றிக்கடனோ இல்லாத இருவர் இருக்க வேண்டும். இவ்வளவும்தான் அவர் வைத்த நிபந்தனை. மேலிடம் அதைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு முழுக் கடனையும் ஒரே தடவையில் விட்டது. "அன்சார் கம்பனியப் பாக்கல்ல, சாக்கடையப் பாக்கிறார்" என்று பிராந்திய முகாமையாளர் சொன்னாராம். இதை அன்சாரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். தன் ஆண்டறிக்கையின் முன்பக்கங்களில் பச்சை இலையும் சிரிக்கும் கமக்காரனும் அச்சடித்து, நிலைபேறு, நல்லாளுகை என்று எழுதுகிற வங்கி அது. அன்சார் அந்த இரண்டு சொற்களையும் உண்மையென்று எடுத்துக்கொண்டார். அவருக்கு நேர்ந்த கேடு அவ்வளவுதான்.

தொட்டி கட்டப்படவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு ஹாஜியார் பள்ளிவாசலுக்குப் புது ஹவ்ழு கட்டிக் கொடுத்தார். பளிங்குக்கல் பதித்த பெரிய தண்ணீர்த் தொட்டி. தொழுகைக்கு முன் ஊரே அதில் கைகால் கழுவி வுழூச் செய்து துஆக் கேட்டது. அன்சார் வீட்டிலேயே வுழூச் செய்துகொண்டு வருவார். பெருமைக்காரன் என்று கதைத்தார்கள். நானே ஒருநாள், "அல்லாஹ்ட பள்ளித் தண்ணியோட உங்களுக்கு என்ன பகை?" என்று கேட்டேன்.

"தண்ணியோட பகை இல்ல காக்கா. குடுத்தது நல்ல காரியம்தான். யார்ட காசில என்டதுதான் கேள்வி. அதுல நான் கால் கழுவினா, நாளைக்குப் போய் ஆலைத் தொட்டி எங்க என்டு எப்படிக் கேக்கிற?"

கேட்கிற வேலையை விரைவில் பறித்துக்கொண்டார்கள். பொத்துவில் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றினார்கள். திருக்கோவில், கோமாரி தாண்டி ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய்வந்தார். அங்கேயும் அவர் மாறவில்லை. அறுகம்பேயில் விடுதி நடத்தும் ஒருவர் கடன் கேட்டபோது, கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர், "சேர், வெள்ளக்காரன் கக்கூசுக்குப் போறதயும் பேங்க் பாக்குமா?" என்றாராம். "ஓம். கடல் நாறினா வெள்ளக்காரன் வரமாட்டான். அவன் வராட்டி நீங்க எனக்குத் தரமாட்டீங்க" என்று அன்சார் பதில் சொல்லியிருக்கிறார். அந்த விடுதிக்காரர் குழி வெட்டி, சுவர் கட்டி, பிறகுதான் கடன் எடுத்தார். இன்றைக்கும் விடுதி நடக்கிறது. அன்சாரின் ஜனாஸா அடக்கத்துக்கு வந்திருந்தார். இதைச் சொல்லிவிட்டு அழுதார்.

எங்கள் ஆலைக்கு வருகிறேன். புதிய இயந்திரங்கள் வந்ததும் நெல் கூடியது, தண்ணீரும் கூடியது. நாங்கள் வாய்க்காலைக் கட்டினோம். அவர்கள் வெட்டினார்கள். பொலிசுக்குப் போனோம். காரைதீவுப் பக்கத்துக் கமக்காரரும் நாங்களும் சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனோம். உரிமம் இல்லாத ஆலையின் கொதிகலனை நிறுத்தும்படி கட்டளை வந்தது. அறுவடைக் காலம் அது. களஞ்சியம் நிறைய ஈர நெல் கிடந்து முளைத்து நாறியது. விலை பிறகு தருவதாகச் சொல்லி வாங்கிய நெல். எங்கள் ஆட்களின் நெல். வேலையாட்கள் சேமலாப நிதியைக் கேட்டுத் தொழில் திணைக்களத்துக்குப் போனார்கள். கம்பனி தவணை கட்டவில்லை. வங்கி பணிப்பாளர்களைக் கூப்பிட்டது. ஒவ்வொருவராகப் போய், ஒப்பம் வைத்தேன், வாசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஹாஜியாரின் சொந்தப் பிணையைத் தேடிப் போனால், எங்கள் வழக்கப்படி வீடுகளெல்லாம் மகள்மாருக்குச் சீதனமாக எப்போதோ எழுதியாகிவிட்டது. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு அது தெரியாது. இங்குள்ள அதிகாரிகளுக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை; திறக்கக்கூடியவர் அன்சார் ஒருவர்தான். அவருடைய வாயைத்தான் அடைத்துவிட்டார்களே.

போன பணத்துக்குப் பழி போட ஒரு பெயர் தேவைப்பட்டது. விசாரணை வைத்தார்கள். நிபந்தனைகளை நீக்கியவர்கள் எல்லாரும் பதவி உயர்ந்து போயிருந்தார்கள். முதல் மதிப்பீட்டில் இருந்தது அன்சாரின் பெயர். கடன் அதிகாரி போதிய கவனம் செலுத்தவில்லை என்று முடிவு எழுதினார்கள். தொட்டி கட்டப்பட்டதா என்று தொடர்ந்து பார்க்காதது அவருடைய குற்றமாம். பார்க்கவிடாமல் பொத்துவிலுக்கு அனுப்பியது யார் என்று அந்த விசாரணை கேட்கவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பணிக்கொடையைத் தடுத்தார்கள். மேன்முறையீட்டுக்குப் பதில் போடவேயில்லை.

நான் சாட்சி சொல்ல வருகிறேன் என்று அந்த வங்கிக்கு மூன்று மொழியிலும் எழுதுவித்து அனுப்பினேன். நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் அல்ல என்று பதில் வந்தது.

இந்தக் காலத்தில்தான் அவருக்கு இருதய வருத்தம் வந்தது. கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். மரக்கறி வாங்கப் போன இடத்தில் யாரோ, ஆலைக் காசில் உங்களுக்கும் பங்கு வந்ததாமே என்று கேட்டதை அவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். அன்சாருக்குக் கேட்டுவிட்டது.

"அவங்க கேக்கட்டும். கேக்கிறது நல்ல பழக்கம்" என்றார். கொஞ்சம் கழித்து என்னிடம் சொன்னார்: "காக்கா, நான் மௌத்தானா ஆக்கள் பாவம் என்டு சொல்லுவாங்க. அதச் சொல்ல விடாதீங்க. பாவம் என்டா, பிழைய மன்னிச்சிட்டம் என்ட மாதிரி. நான் பிழை விடல்ல. அத மட்டும் சொல்லச் சொல்லுங்க."

அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

ஜனாஸாவுக்கு வங்கியிலிருந்து ஒரு வேன் வந்தது. ஆலைப் பணிப்பாளர்களில் இருவர் வந்தார்கள். தொழுகை முடிந்து, உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது அவர்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "பாவம், நல்ல மனிசன்" என்றார்.

"பாவம் இல்ல மரைக்கார். பிழை இல்லாதவர் என்டு சொல்லுங்க."

"மைய்யித்த வெச்சிக்கிட்டு இதையெல்லாம் கதைக்கிறயா விதான?"

"எப்ப கதைக்கிற? சபையிலயும் கதைக்கல்ல, கோட்டுலயும் கதைக்கல்ல."

அவர் விலகிப் போய்விட்டார். நான் மண் போட்டுவிட்டு வந்தேன்.

அன்சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். தண்ணீர்த் தகராறு வந்தால் முன்பெல்லாம் மேல் வாய்க்காலில் இருக்கும் பெரிய கமக்காரரிடம் முதலில் போவேன். இப்போது கடைசி வயலுக்குப் போய், அங்கே நிற்கிறவனிடம் முதலில் கேட்கிறேன். இது எனக்குப் போதும். ஆனால் அவருக்குப் போதாது. அவருக்குச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. செய்ய வேண்டியவர்களும் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன்.

நிபந்தனைகளை நீக்கச் சொன்னது யார் என்பதை வங்கியின் தலைமை அலுவலகம் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையில் எங்கள் வட்டையைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் அல்ல என்று இனிச் சொல்லக்கூடாது. தடுத்துவைத்த பணிக்கொடையை அவருடைய மனைவியிடம், அவர் அலையாமல், கொடுக்க வேண்டும்.

ஆலையின் பணிப்பாளர்கள், தாங்கள் ஒன்றையும் கேட்கவில்லை என்பதையும், கேட்ட ஒரே மனிதர் அன்சார் என்பதையும், ஜும்ஆ முடிந்து சனம் கலையுமுன் எழுந்து நின்று சொல்ல வேண்டும். தனியாக, மெதுவாகச் சொல்வது இதற்குச் சரிவராது. அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டியது பள்ளி நம்பிக்கையாளர் சபை.

அன்சாரின் கதிரையில் இப்போது இருக்கும் பிள்ளை, அடுத்த ஆலைக்கோ விடுதிக்கோ எழுதுமுன் சப்பாத்தைக் கழற்றி வாய்க்காலில் இறங்க வேண்டும். அவளை எங்கேயும் மாற்றாமல் இருக்க வேண்டியது அவளுடைய முகாமையாளர்.

அந்த விசாரணை முடிவில் கையெழுத்து வைத்தவர் அதை மாற்றி எழுத வேண்டும். எழுதியதைத் தானே கொண்டுவந்து, அன்சாரின் மனைவிக்கு முன்னால் உட்கார்ந்து, உங்கள் கணவர் பிழை விடவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். தபாலில் அனுப்பக்கூடாது. தபாலில் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பும்படி அன்சாரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.